கீரை சுற்றும் சீமைக் கூடை

சிவமயம்

ஹட்டன், இலங்கை
1911 நவம்பர் 20

சௌபாக்கியவதி பிரம்மநாயகிக்கு ஞானசம்பந்தன் எழுதுவது. நான் சுகம். நீயும் குழந்தை ஞானம்பாளும் மாமாவும் சுகமாயிருப்பதாக ஒரு வரி வந்தால் இந்த மலைக் குளிர் பாதி விட்டுப்போகும்.

மழை ஓயவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஐப்பசி முழுக்க நான் கடிதம் போடாததற்கு அதுதான் காரணம். கோபித்துக்கொள்ளாதே.

மேலப்பாளையம் அலி அக்பர் அண்ணாச்சி கொழும்பிலிருந்து ஊருக்கு வருகிறார். அவர் வசம் உனக்கு ஒரு சாமான் கொடுத்திருக்கிறேன். பார்த்துப் பயப்படாதே. தகர வாளி ஒன்று. அதற்குள்ளே கம்பியில் பின்னிய கூடை. மூடியின் மேல் ஒரு பல்சக்கரமும் மரப்பிடியும் இருக்கும். கழுவிய கீரையைக் கூடையில் போட்டு மூடி, பிடியைச் சுற்ற வேண்டும். கூடை பம்பரமாய்ச் சுழலும். தண்ணீரெல்லாம் தெறித்து வாளியின் அடியில் இறங்கிவிடும். கீரை உலர்ந்து நிற்கும். சீமையில் பெரிய வீடுகளில் இது உண்டாம்.

முருங்கைக்கீரையை உதறி உதறித் தோள்பட்டை விட்டுப்போகிறது என்று நீ சொல்வாயே, அந்த ஞாபகத்தில் கொழும்புக் கடையில் வாங்கினேன். புத்தம் புதுசு. குழந்தை விரலை விடாமல் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் நமஸ்காரம்.

ஞானசம்பந்தன்

*

அம்பாசமுத்திரம்
1911 டிசம்பர் 18

அன்புள்ள அத்தானுக்கு பிரம்மநாயகி அநேக நமஸ்காரம். எல்லாரும் சுகம். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஆள் வரக் காணோம், மிஷின் வந்திருக்கிறது. அதையாவது அனுப்பினீர்களே என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

முதல் நாள் அரைக்கீரையைக் கழுவிப் போட்டுச் சுற்றினேன். நன்றாய்த்தான் உலர்ந்தது. எடுத்துச் சட்டியில் தண்ணீர் விட்டு வேகப் போட்டேன். அப்பா அடுக்களை வாசலில் நின்று பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, தண்ணிய உதறிட்டு மறுபடி தண்ணியிலயே போடுத. இதுக்கு ஒரு சீமை மிஷினா? ரெண்டு கை இருக்கு, ஒரு வடிதட்டு இருக்கு, பின்ன என்னத்துக்கு இது?" என்றார். எனக்கும் வெட்கமாய்ப் போயிற்று. அவர் கேட்டது நியாயந்தானே. கடைகிற கீரைக்கு இது எதற்கு?

கழுவுகிற பாடு அதைவிட. கம்பிக்குக் கம்பி இலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டு, விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொன்றாய்க் குத்தி எடுத்தேன். கீரை ஆய்ந்த நேரத்தைவிட அதுதான் கூட. இடமும் அடைக்கிறது. இட்லிக் கொப்பரையை எடுத்துப் பரணில் வைத்துவிட்டுத்தான் இதற்கு இடம் விட்டேன். இரண்டாம் நாள் இதையே பரணில் ஏற்றிவிடலாம் என்றிருந்தேன்.

அப்புறம் கறிவேப்பிலைப் பொடி இடிக்க நினைத்தேன். மார்கழிப் பனியில் கழுவின இலையைத் துணியில் விரித்தால் பொழுது சாய்ந்தாலும் ஈரம் போகாது, உங்களுக்குத் தெரியும். மிஷினில் போட்டுப் பதினைந்து சுற்று. கையில் எடுத்தால் இப்போதுதான் பறித்த மாதிரி. அப்போதே வறுத்து இடித்தேன். பொடி பச்சை மாறாமல் வந்தது. அப்பா இரண்டு தரம் சோறு வாங்கிக்கொண்டார். மத்தியானம் நான் கண் அசந்த நேரம் கடகட என்று சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா வெறும் கூடையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்! என்னைக் கண்டதும், "பிடி எப்படி வழவழன்னு கைக்குள்ள ஒக்காருது பாத்தியா. சீமைக்காரன் வேலைன்னா வேலைதான்" என்றார்.

ஞானம்பாள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும், "எங்க அப்பா பெரிய ரைட்டரு, சீமை மிஷின் அனுப்பியிருக்காரு" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தெருவில் சொல்லத் தோன்றுகிறது.

தங்கள்
பிரம்மநாயகி

*

ஹட்டன்
1912 ஜனவரி 3

சௌபாக்கியவதி பிரம்மநாயகிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். மாமா சிரித்தது காதில் கேட்கிறது.

கூடையை வாய் மட்டும் திணிக்காதே. பாதிதான் போட வேண்டும். முதலில் பையச் சுற்று, தண்ணீர் விழுகிற சத்தம் குறைந்ததும் வேகத்தைக் கூட்டு. நிறுத்தும்போது சட்டென்று பிடித்து நிறுத்தக்கூடாது. இலை ஒரு பக்கமாய் மோதிக் கன்றிவிடும். முருங்கையை உருவிப் போட்டால் கம்பி இடுக்கில் நழுவி ஓடும். ஈர்க்கோடு போட்டு உலர்த்தி, பிறகு உருவு. கழுவுகிறதற்கு முன் வாளித் தண்ணீரில் கூடையை முக்கி எதிர்ப்பக்கமாய் நாலு சுற்று சுற்று. துணுக்கெல்லாம் தானே வெளியே வந்துவிடும். குச்சி வேண்டாம். பிறகு துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வை. ஈரத்தோடு வைத்தால் ஒரே வாரத்தில் துரு.

இங்கே வெள்ளைக்காரர்கள் ஒரு இலையை வேக வைக்காமல் எண்ணெயும் புளித்த காடியும் தெளித்துப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். இலையில் தண்ணீர் நின்றால் எண்ணெய் ஒட்டாது, காடியும் நீர்த்துப்போகும். அதற்காகத்தான் இந்த மிஷினே வந்தது. இதெல்லாம் ஆபீசில் பேச்சுவாக்கில் காதில் விழுந்தது.

குழந்தையிடம் ரொம்பப் பெருமை பேச வேண்டாம் என்று சொல்.

ஞானசம்பந்தன்

*

அம்பாசமுத்திரம்
1912 ஜனவரி 24

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கல் நல்லபடி ஆயிற்று. நீங்கள் எழுதினபடி எதிர்ப்பக்கம் சுற்றினேன். துணுக்கு ஒன்று விடாமல் வந்துவிட்டது. ரைட்டர் வேலைக்கு நடுவே இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே!

இப்போது எழுதுவது அப்பா சொல்லித்தான். தை கடைசி வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 9, தாத்தா பேரில் மாகேசுவர பூசை. நூற்றிருபது சிவனடியார்களுக்கு இலை போடுகிறோம். போன வருஷம் முருங்கைக்கீரை வடை போடும்போது இலையில் ஈரம் நின்று எண்ணெய் வெடித்து, சமையல்காரர் கையெல்லாம் கொப்புளம். மாவும் இளகிப்போய் வடை உதிர்ந்தது. அப்பாவுக்கு அது ஒரு வருஷமாய் மனக்குறை. இந்த வருஷம் உங்கள் மிஷினில்தான் கீரை உலர்த்த வேண்டும் என்று நிற்கிறார்.

ஆனால் அடியார்களுக்கு ஆக்குகிற அடுக்களையில் புழங்கின பாத்திரம் எதையும் அப்பா விடமாட்டார், நீங்கள் இந்த வீட்டில் வளர்ந்தவர், உங்களுக்குத் தெரியாததா. "இது புதுசுதானே? வேற எங்கயும் புழங்கல்லியே?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். நீங்கள் புத்தம் புதுசு என்று எழுதினதைப் படித்துக் காட்டினேன். "எதுக்கும் அவன் கையால ஒரு வார்த்தை வரட்டும்" என்கிறார். ஆகையால் உடனே ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்பாவுக்கு அது போதும்.

பிரம்மநாயகி

*

ஹட்டன்
1912 பிப்ரவரி 2

சௌபாக்கியவதி பிரம்மநாயகிக்கு,

கடிதம் கிடைத்தது. நூற்றிருபது பேருக்குக் கீரை என்றால் அந்தச் சிறு மிஷின் தாங்குமா என்று சந்தேகம். ஒரு தரத்துக்கு நாலு பிடிக்கு மேல் போடமுடியாது. கையால் உதறி வேட்டியில் விரித்தாலே போதும் என்று என் அபிப்பிராயம். மாமா இஷ்டம். மற்றபடி அந்தச் சாமானைப் பற்றி நான் முதலில் எழுதினதுதான்.

இங்கே சளி, இருமல். பூசை நல்லபடி நடக்கட்டும்.

ஞானசம்பந்தன்

*

அம்பாசமுத்திரம்
1912 பிப்ரவரி 12

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு உடம்பு தேவலையா? மிளகு தட்டிப் போட்டுக் காப்பி குடியுங்கள். அங்கே யார் போட்டுத் தருவார்கள் என்று நினைத்தால் வேதனையாயிருக்கிறது.

பூசை நடந்தது. எப்படி நடந்தது என்று எழுத எனக்குத் தெம்பு போதாது. மிஷின் தாங்குமா என்று எழுதினீர்களே, அப்பா அதற்கெல்லாம் அசைகிறவரா? "எழுதிட்டான்லா, புதுசுன்னு. பின்ன என்ன?" என்று வியாழக்கிழமை சாயங்காலமே மிஷினுக்கு விபூதி பூசிக் குங்குமம் வைத்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தாமே உட்கார்ந்துவிட்டார். நாலு நாலு பிடியாய் மூன்று மணி நேரம்! வேர்த்து ஊற்றுகிறது. நான் சுற்றுகிறேன் என்றாலும் விடவில்லை. "அடியார்களுக்கு என் கையால ஒரு வேலை வேண்டாமாட்டி?" என்றார்.

வடை எப்படி வந்தது தெரியுமா? எண்ணெய் ஒரு சொட்டு வெடிக்கவில்லை. பல்லில் பட்டதும் முறுகல், உள்ளே பச்சை மாறாத இலை. பாபநாசத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் ஐந்து வடை சாப்பிட்டுவிட்டு, "ஆவுடைநாயகம், இந்த வருஷ வடை மாதிரி ஒரு வருஷமும் இல்ல வே" என்றார். அப்பா மிஷினைப் பந்தி நடுவிலேயே கொண்டுவந்து காட்டினார். "என் மருமகப்பிள்ளை அனுப்பினது. எழுத்து உத்தியோகம், ஆனா நம்ம வீட்டு அடுக்களை நெனப்பு அவனுக்கு இருக்கு பாத்தீரா" என்று எல்லாரிடமும் சொன்னார். உங்களைப் பற்றி அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த வீட்டு நீலாம்பாள் மதினி, மகள் கல்யாணத்துக்கு மிஷினை இரவல் கேட்டிருக்கிறாள். கொடுக்கிறேன் என்றேன்.

பந்தியில் பரிமாறும்போது ஒரு இலை காலியாயிருந்தது. அதில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிரம்மநாயகி

*

அம்பாசமுத்திரம்
1912 மார்ச் 6

அத்தானுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதற்குள் இதை எழுத வேண்டியதாகிவிட்டது.

திங்கட்கிழமை அப்பா பாபநாசத்துக்குக் குளிக்கப் போயிருந்தார். நீலாம்பாள் மதினி கேட்டாளே என்று மிஷினைக் கழுவி வாசலில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்திருந்தேன். தெருவில் ஒரு ஆளும், இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண்ணும் வந்து தள்ளி நின்றார்கள். களக்காட்டுப் பக்கமாம். பேர் சங்கிலிபூதத்தான், பெண்டாட்டி இசக்கித்தாய். உங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள், லீவில் வந்திருக்கிறார்கள்.

"தாயே, குசினி ஐயா வீடு இதுதானா?" என்று கேட்டான்.

அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன்.

"ஞானசம்பந்தம் ஐயா, தாயி. எங்க தொரை பங்களாவுல சமைக்காருல்லா, அவருதான். எம் பிள்ளையப் பொழைக்க வச்ச கை அது. வீட்டுல ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவலாம்னு வந்தோம்."

நீலாம்பாள் மதினி அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  "யாருலே நீ? எங்க வீட்டு ஐயா தோட்டத்து ரைட்டரு. காலங்காத்தால குடிச்சிட்டு வந்து வாய்க்கு வந்ததப் பேசுதியா? போலே அங்கிட்டு!" என்று கத்தினேன். என் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததை நானே இதற்கு முன் கேட்டதில்லை.

அவன் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை அப்படியே தரையில் வைத்தான். "தப்பா இருந்தா மன்னிச்சுக்கிடுங்க தாயி" என்று திரும்பினான். அந்தப் பெண்தான் திரும்பவில்லை. வாசலில் இருந்த மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தா இருக்குல்லா அந்தக் கூடை, அது பங்களா குசினியில இருந்ததுதான. ஐயா அதுல எல சுத்தும்போது இந்தப் பிள்ளை சன்னல்ல நின்னு பாக்கும். எங்களுக்குப் பொய் சொல்ல அம்புட்டுத் தூரம் நடந்து வரணுமா தாயி?" என்றாள். பிள்ளையும் மிஷினைப் பார்த்துக் கையை வட்டமாய்ச் சுற்றிக் காட்டிச் சிரித்தது.

அவர்கள் போய்விட்டார்கள். மதினி, "யாரோ ஆள் தெரியாம வந்திருக்கான், விடு" என்றாள். அவள் முகம் வேறு சொல்லிற்று.

எதிர்ப்பக்கம் சுற்றினால் துணுக்கு வரும் என்று எந்த ரைட்டருக்குத் தெரியும்? அதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லையா, கேட்கப் பயந்தேனா, எனக்கே தெரியவில்லை.

ஒன்றே ஒன்று எழுதுங்கள். பொய் சொன்னது அவனா, நானா?

பிரம்மநாயகி

*

ஹட்டன்
1912 மார்ச் 17

பிரம்மநாயகி,

நீயும் இல்லை, அவனும் இல்லை. நான்.

மாமா ஊரைக் கூட்டி, மாலை போட்டு என்னை ரயிலேற்றினார். இங்கே வந்து ஆபீசில் இரண்டாவது ரைட்டராய்த்தான் சேர்ந்தேன். என் இங்கிலீஷ் போதவில்லை. துரை சொல்வது ஒன்று, நான் எழுதுவது ஒன்று. இருபத்தாறாம் நாள் போகச் சொல்லிவிட்டார். கப்பலேற மனம் வரவில்லை. எந்த முகத்தோடு மாமா முன்னால் நிற்பது? அந்த வாரம் பங்களாச் சமையல்காரன் காய்ச்சலில் படுத்தான். யாருக்காவது சமைக்கத் தெரியுமா என்றார்கள். தாயில்லாப் பிள்ளையாய் உன் வீட்டு அடுக்களையில் வளர்ந்தவன் நான். தெரியும் என்றேன்.

முதலில் காய்கறி மட்டும் என்றார்கள். ஒரு மாதம் அப்படி நடந்தது. பிறகு எல்லாமும். ஆடு, கோழி, மாடும் உண்டு. அதை எழுதாமல் விட்டால் மறுபடி ஒரு பொய்யாகும். முதல் நாள் புறவாசலில் போய் வாந்தி எடுத்தேன். நான் அதை உண்பதில்லை. ஆனால் உப்புப் பார்க்காமல் சமைக்க முடியாது. நாக்கில் வைத்துத் துப்புகிறேன். துப்பினால் ஆயிற்றா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வதை விட்டு வெகு நாளாயிற்று.

இன்னொன்று, இதை எழுதத்தான் கை கூசுகிறது. இந்த வேலை எனக்கு வந்துவிட்டது. துரைசானி நன்றாயிருக்கிறது என்று சொல்லி அனுப்பினால் மனசு குளிர்கிறது. எழுத்து வேலையில் எனக்கு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

அந்த மிஷின் கடையில் வாங்கினதல்ல. பங்களாவில் நாலு வருஷம் இருந்தது. இறைச்சி வெட்டுகிற அதே மேசையில்தான் வைப்போம். துரைசானிக்குச் சீமையிலிருந்து வேறு வந்ததும் பழையதை எனக்குக் கொடுத்தாள். பிடி வழவழ என்றிருப்பது சீமைக்காரன் கைவேலையல்ல. என் கை தேய்த்த தேய்ப்பு. என் வேலையை உன்னிடம் சொல்ல வாயில்லை. அதில் எனக்குப் பிடித்த ஒரு சாமானையாவது உன் கையில் கொடுக்க ஆசைப்பட்டேன். வேறு யோசனை அப்போது இல்லை.

இதற்கு மேல் எழுதுவதுதான் பெரிது. பூசையைப் பற்றி நீ எழுதின கடிதம் ஜனவரி 30-ந் தேதி என் கைக்கு வந்துவிட்டது. பூசைக்குப் பத்து நாள் இருந்தது. தபாலாபீசுக்கு ஓடினேன். 'மிஷினை உபயோகிக்க வேண்டாம்' என்று தந்திக் காகிதத்தில் எழுதியும் விட்டேன். தந்திக்காரர் வாங்கிப் பார்த்து, "ஏன், என்ன விசேஷம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஏன் என்று நீயும் கேட்பாய், மாமாவும் கேட்பார் என்று அப்போது உறைத்தது. காகிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். மாமா கேட்டது ஒரு வார்த்தை. அதற்கு என் பழைய பொய்யையே காட்டிவிட்டு, சளி இருமல் என்று எழுதினேன். எனக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை.

மாமா மூன்று மணி நேரம் சுற்றினார் என்று நீ எழுதினாய். அந்த இடத்தை இன்னும் என்னால் இரண்டாம் தரம் படிக்க முடியவில்லை.

மாமாவிடம் சொல்வதும் விடுவதும் உன்னிடம். என்னை மன்னி என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கவில்லை.

ஞானசம்பந்தன்

*

ஹட்டன்
1912 ஏப்ரல் 15

பிரம்மநாயகி,

நாலு வாரம் ஆயிற்று. ஆபீஸ் ரைட்டர் கிருபைராஜிடம் தினமும் கேட்கிறேன். கடிதம் இல்லை. அவர் நம் நாசரேத்துக்காரர்தான். இதுவரை உன் கடிதங்களை என்னிடம் கொடுக்கும்போது, "ரைட்டர் ஐயாவுக்குத் தபால்" என்று கேலி செய்வார். நேற்றுக் கேலி செய்யவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

வேலையை விட்டுவிடச் சொன்னால் விடுகிறேன். ஊர்ப்பக்கம் வராதே என்றால் வரவில்லை. ஏதாவது ஒன்று எழுது. வெறும் காகிதமாவது அனுப்பு.

ஞானசம்பந்தன்

*

அம்பாசமுத்திரம்
1912 மே 14

அத்தானுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் உங்களைத் திட்டத் தோன்றும். திட்டத் தொடங்கினால் அந்த ஆளை நான் திட்டினது ஞாபகத்துக்கு வரும். காகிதத்தை மடித்து வைத்துவிடுவேன்.

உங்கள் கடிதத்தை ஒன்பது நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். நீலாம்பாள் மதினி மிஷின் கேட்டு ஆள் அனுப்பினாள். பல்சக்கரம் உடைந்துவிட்டது என்றேன். அப்பா பக்கத்தில் இருந்தார். "நேத்துச் சுத்திச்சே" என்றார். அதற்கும் ஒரு பொய் சொன்னேன். நீங்கள் மூன்று வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பொய்க்கு அடுத்த பொய் தானே வாயில் வந்து நிற்கிறது.

பத்தாம் நாள் அப்பா பூசை முடித்து வந்ததும் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கப் படித்தேன், ஒன்றும் விடவில்லை. அப்பா கத்துவார் என்று நினைத்தேன். "மாடும் உண்டா?" என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன். தன் வலது கையை விரித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு, செருப்பில்லாமல் புறப்பட்டார். பூசைக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "என் வீட்டுல உங்களுக்குத் தோஷப்பட்ட சோறு போட்டுட்டேன். தெரியாம நடந்தது. தெரிஞ்ச பெறகு மறைக்கக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார். பதினோரு நாள் நடந்தார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்களாம். ஒருவர், எண்பது வயசு, "அது செரிச்சு ரெண்டு மாசமாச்சு வே. நீரு ஏன் வெயில்ல அலையுதீரு" என்று மோர் கொடுத்தாராம். இதைச் சொல்லும்போதுதான் அப்பா அழுதார். கதவைச் சாத்தின வீட்டைச் சொல்லும்போது அழவில்லை.

அடுத்த வருஷம் பூசை நம் வீட்டில் இல்லை. பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள். அப்பா இப்போது தாமே பொங்கிச் சாப்பிடுகிறார். நான் கேட்டதற்கு, "உன் மேல கோவம் இல்லட்டி. கை வாய்க்குப் போவ மாட்டேங்கு" என்றார்.

மிஷினை ஆற்றில் எறிந்துவிட்டு வருகிறேன் என்று தூக்கினேன். "அங்கன எத்தனை பேர் தண்ணி கோருதாங்க, அதுல போய்ப் போடுவியா?" என்று வாங்கிக்கொண்டு, புறவாசலில் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தார். மண் தள்ளுகிறதற்கு முன் ஒரு கணம் நின்றார். பிறகு தள்ளினார்.

பிறகு நான் களக்காட்டுக்குப் போனேன். வண்டி பிடித்து, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் தெருவிலேயே, நாலு பேர் நிற்கும்போது, "நான் சொன்னது பொய். நீ சொன்னதுதான் நிஜம். என்னை மன்னிச்சுக்கிடு" என்று சங்கிலிபூதத்தானிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் எதுக்குத் தாயி" என்றான். இசக்கித்தாய் குனியவில்லை. "எங்களுக்கு அது பழக்கந்தான், தாயி. நாங்க என்ன சொன்னாலும் குடிச்சிட்டு வந்து சொல்லுதோம்பாங்க" என்றாள். கோபமாய்ச் சொல்லவில்லை. சாதாரணமாய்ச் சொன்னாள். அத்தான், உங்கள் கடிதத்தைப் படித்தபோதுகூட எனக்கு அவ்வளவு அவமானமாய் இல்லை.

பிறகு அவளே நடந்ததைச் சொன்னாள். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் காய்ச்சல் பரவினபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நீங்கள் பதினேழு நாள் பங்களாவிலிருந்து கஞ்சி காய்ச்சிச் சுமந்து போய், பிள்ளைகளுக்குக் கையால் புகட்டினீர்களாம். இதை எனக்கு நீங்கள் எழுதவே இல்லை. ரைட்டர் கஞ்சி சுமக்க மாட்டான், அதனால் எழுத முடியாமல் போயிற்று, இல்லையா? வெட்கப்பட வேண்டியதை மறைக்கப் போய், வெட்கப்பட வேண்டாததும் அதோடு போய்விட்டது.

நீங்கள் ஒரு பொய்யைச் சொன்னீர்கள். நான் அதை உடுத்திக்கொண்டு மூன்று வருஷம் இந்தத் தெருவில் நடந்தேன். ரைட்டர் பெண்டாட்டி என்று பெண்கள் முதலில் எனக்கு இடம் விட்டதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னித்தேன் என்றும் எழுத வரவில்லை.

வைகாசி இருபதுக்கு மேல் சங்கிலிபூதத்தான் குடும்பம் திரும்புகிறது. துணைக்கு என்னையும் குழந்தையையும் கூட்டிப்போவாயா என்று கேட்டேன். சரி என்றான். ஜூன் 4-ந் தேதி காலை தூத்துக்குடிக் கப்பல் கொழும்பு வருகிறது. துறைமுகத்தில் வந்து நில்லுங்கள். வேலையை விட வேண்டாம்.

அப்பாவிடம் சொன்னேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கம்பளி ஒன்றை எடுத்து வந்து என் பெட்டி மேல் வைத்தார். "அங்க மழை ஓயாதாம். பிள்ளையை நனைய விடாத" என்றார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் எதிர்பார்த்து ஏமாறக்கூடாது. உங்கள் கையால் ஆக்கினதை நான் சாப்பிடுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் குழந்தைக்கும் தனி அடுப்பு வேண்டும். ஒரு நாள் மாறலாம், மாறாமலும் போகலாம்.

ஞானம்பாளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. களக்காட்டில் நான் ஏன் மன்னிப்புக் கேட்டேன் என்று வண்டியில் வரும்போது கேட்டாள். அப்பா சொல்வார் என்றேன். ரைட்டர் அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். கப்பல் இறங்கினதும் உங்களிடம் ஓடி வருவாள். அவளைத் தூக்குகிறதற்கு முன்னால், வேறு யாரும் சொல்கிறதற்கு முன்னால், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் பக்கத்தில் நிற்பேன். ஆனால் நான் சொல்ல மாட்டேன்.

பிரம்மநாயகி